சமமாக்கப்பட்ட நான்கு கம்பிகள்

லிப்ட் பழுதுபார்ப்பது என் பெரியப்பாவின் பிழைப்பு; குன்றின் உச்சியிலிருந்த ரிப்பீட்டர் அவருடைய உயிர். எவருக்கும் வளைந்து கொடுக்காத மனிதர். வானொலி ஆர்வலர் சங்கத்தார் அவருக்கு ‘இடிதாங்கி’ என்று பெயர் வைத்தார்கள்; அதைப் புகழ்ச்சி என்றே எடுத்துக்கொண்டார். குடும்பத்தில் அவரோடு முட்டிக்கொள்ளாதவர் இல்லை.

ரிப்பீட்டர் என்பது, தொலைவிலுள்ள வானொலிக் கைக்கருவியின் மெலிந்த குரலைக் கேட்டு, அதே நொடியில் ஊர் முழுவதற்கும் உரக்கச் சொல்லும் பெட்டி. கேட்பதும் சொல்வதும் ஒரே ஆண்டெனா வழியாக. தன் சத்தத்தால் தன் காதே அடைபடாதிருக்க, நான்கு உலோக உருளைகள் இரண்டையும் பிரித்து வைக்கும். ஒவ்வொன்றின் தலையிலும் ஒரு கம்பி, ஒவ்வொன்றும் ஒவ்வோர் உயரத்தில். எது மயிரிழை நகர்ந்தாலும் போயிற்று.

அந்த ஆண்டு மழைக்குப்பின் பெட்டி செவிடாயிற்று. சங்கச் செயலாளர் என் மாமா. பெரியப்பாவின் தங்கை கணவர், மருந்துக்கடைக்காரர். “பராமரிப்பு சரியில்லை, ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் ரிப்பீட்டர் கொட்டகைச் சாவியைத் திரும்ப வாங்குவோம்” என்று அறிவித்தார். அந்தச் சாவி போனால் பெரியப்பாவுக்கு மிஞ்சுவது லிப்ட் மட்டுமே.

சனிக்கிழமை காலை இருவரும் ஒரே ஜீப்பில், ஆளுக்கொரு பக்கம் பார்த்தபடி மேலேறினார்கள். கொட்டகைக்குள் நுழைந்ததும் பெரியப்பாவின் கண் உருளைகளின் மேல் நின்றது.

“மாப்பிள்ளை, இதுல யாரு கை வச்சது?”

“எனக்கென்ன தெரியும் மச்சான்? உங்க சாவி, உங்க கொட்டகை.”

“மாற்றுச் சாவி உங்ககிட்டதானே இருக்கு? நாலு கம்பியும் உங்க கடை பாட்டில் மாதிரி ஒரே உயரத்துல நிக்குதே!”

கம்பிகளை மீண்டும் சரிசெய்யத் தொலைவிலிருந்து ஒரு மெலிந்த குரல் வேண்டும். கைக்கருவியோடு மாமாவைக் கீழே அனுப்பினார் பெரியப்பா.

“நடந்துகிட்டே பேசுங்க. நான் சொல்ற வரைக்கும் நிறுத்தாதீங்க.”

ஒவ்வொரு வளைவிலும் மாமா கேட்டார்: “இப்பக் கேக்குதா?”

“கொரகொரன்னு இருக்கு மாப்பிள்ளை. இன்னும் இறங்குங்க.”

வெயில் ஏறியது, மாமாவின் செருப்பு அறுந்தது. கையிலிருப்பது என்ன என்பதையே மறந்தார்.

“யோவ்! கம்பி ஏத்த இறக்கமா அசிங்கமா நின்னுச்சு, சமமாக்கி வச்சேன். உன்னைக் கவுக்கத்தான் வாயை மூடிக்கிட்டு இருந்தேன். அதுக்காக என்னை வெறுங்காலோட மலையிறங்க வைப்பியா? நீ உருப்படுவியா?”

என்றுமில்லாத பணிவோடு பெரியப்பாவின் குரல் வந்தது: “தெளிவாக் கேக்குது மாப்பிள்ளை. எனக்கு மட்டுமில்ல.”

இடையில் மூன்றாவது குரல் புகுந்தது. மாமாவின் மனைவி, தானும் வானொலி உரிமம் பெற்ற என் அத்தையுடையது. “நானும் கேட்டேன். ரெண்டு பேருமே என் வாசப்படி ஏற வேண்டாம்.”

மாமாவின் கடைசி வாக்கியத்தில்தான் குரல் தெளிந்தது என்று பெரியப்பா சாகும்வரை சாதித்தார். இரண்டு வளைவுகளுக்கு முன்பே மாமா மூச்சிரைத்தது கூட எங்கள் வீட்டு வானொலிச் செட்டில் துல்லியமாகக் கேட்டது. அதையும் இங்கே பதிவு செய்வதே முறை.

கூட்டத்தில் சாவியைப் பற்றி எவரும் பேசவில்லை; அது பெரியப்பாவின் இடுப்பிலேயே இருந்தது. அந்தச் சனிக்கிழமை கொட்டகையைப் பூட்டிவிட்டு அவர் இறங்கி வந்த ஜீப், சாலையோரத்தில் ஒற்றைச் செருப்பைக் கையில் பிடித்து நின்ற மாமாவைக் கடந்துதான் வந்தது. நிற்கவில்லை.