அண்ணன் மொழிபெயர்த்த தங்கை

சைகை மொழி எனக்குத் தண்ணீர் பட்ட பாடு என்று ஓர் அதிகாரியிடம் பீற்றிக்கொண்டவன் நான். பெருமையடித்து மாட்டிக்கொள்கிறவர்கள் உண்டு. எதிரில் இருந்தவர் அதை அப்படியே நம்பிவிட்டதால் மாட்டிக்கொண்டவன் எங்கள் குடும்பத்தில் நான் ஒருவன்தான்.

என் தங்கைக்குப் பிறவியிலிருந்தே காது கேட்காது. அம்பத்தூர் எஸ்டேட்டில் ஓர் ஆயத்த ஆடை கம்பெனியில் தைக்கிறாள். துணி வெட்டும் அளவுகளைக் கம்ப்யூட்டரில் வரைய, பாடியில் ஒரு பயிற்சி நிலையம் கற்றுத் தருகிறது. அதை முடித்தால் மெஷினை விட்டு எழுந்து பேட்டர்ன் அறைக்குப் போகலாம். பல வருடங்களாக அவள் கண்ணாடி வழியே பார்த்துக்கொண்டிருக்கும் அறை அது. ஆனால் வாத்தியார் வாயால்தானே பாடம் நடத்துவார்? வகுப்பில் கூட உட்கார்ந்து சைகையில் சொல்ல ஒரு மொழிபெயர்ப்பாளர் வேண்டும். அவருக்கான சம்பளத்தை மாற்றுத்திறனாளிகளுக்கான நிதியிலிருந்து கேட்டு, நானும் அவளும் அந்த அலுவலகத்துக்குப் போயிருந்தோம்.

"இப்ப இவங்களுக்கு யார் எடுத்துச் சொல்றாங்க?" என்றார் அதிகாரி அம்மாள்.

"நான்தான் மேடம். சின்ன வயசிலேர்ந்து."

"இவங்க சொல்றதெல்லாம் புரியுமா?"

"கண்ணசைச்சாப் போதும் மேடம்."

"அப்ப நீங்களே கிளாஸ்ல போய் உக்காந்துக்கலாமே. வீட்லயே ஆள் இருந்தா நாங்க குடுக்கறதில்ல."

வராந்தாவுக்கு வந்ததும் பியூன் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "இன்னா சார் நீ, படிச்ச ஆளு மாதிரி கீற. ஒண்ணியும் தெரியாதுன்னு சொல்லிகினு வர்றதுக்கு இன்னா?"

என்ன ஆயிற்று என்று தங்கை புருவத்தைத் தூக்கினாள். என் கை தானாகவே எழுந்து, 'அப்புறம் சொல்கிறேன்' என்றது.

எனக்குச் சரளமாக வரும் சைகை அது ஒன்றுதான். ஆவடியில், அப்பா வேலை பார்த்த தொழிற்சாலைக் குவார்ட்டர்ஸில், ஞாயிற்றுக்கிழமை கோயில் முடிந்து வந்தால் வீடு நிறைய ஆட்கள் இருப்பார்கள். யாராவது எதையாவது சொல்ல, எல்லோரும் சிரிப்போம். அவள் என் சட்டைக் கையைப் பிடித்து இழுப்பாள். அப்புறம், என்பேன். அந்த அப்புறம் ஒரு ஞாயிறும் வந்ததில்லை. காது கேளாதோர் பள்ளிக்கூடத்துக்குப் போய் அவள் முழுசாக ஒரு மொழியோடு திரும்பி வந்தாள். நானோ சோறு, காய்ச்சல், அப்பா கோபமாக இருக்கிறார் என்ற அளவிலேயே புலமையை நிறுத்திக்கொண்டேன்.

அன்றைக்கு அலுவலக வராந்தாவில் மட்டும் தப்பிக்க வழியில்லை. நடந்ததைப் போனில் தட்டிக் காட்டினேன். அவள் படித்தாள். சண்டை போடவில்லை. என் முழங்கையைப் பிடித்து மறுபடி உள்ளே அழைத்துப் போய், அதிகாரியின் மேஜை முன் நின்று பேச ஆரம்பித்தாள்.

நீளமாகப் பேசினாள். பக்கத்து மேஜைக்காரர்கள் டீயைக் கீழே வைத்துவிட்டுப் பார்த்தார்கள். ஓரிடத்தில் அவள் கைகளைப் பிசைந்தபோது, கெஞ்சுகிறாள் என்று நினைத்துக்கொண்டேன். முடித்துவிட்டு என்னைப் பார்த்தாள்.

"என்ன சொல்றாங்க?" என்றார் அதிகாரி.

"அவங்களுக்கு மொழிபெயர்ப்பாளர் வேணுமாம் மேடம்."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான் மேடம்."

அந்த அம்மாள் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். ஓட்டை மீட்டர் ஆட்டோவைப் பார்ப்பதுபோல் இருந்தது அந்தப் பார்வை. பிறகு நிதிக்குப் பரிந்துரை எழுதினார்.

இப்போது தங்கை படிக்கிறாள். மொழிபெயர்ப்பாளர் திருமுல்லைவாயிலிலிருந்து வரும் ஓர் இளம்பெண். அப்பா அம்மா இரண்டு பேருக்கும் காது கேட்காது என்பதால் பேச்சு வருவதற்கு முன்பே சைகை வந்துவிட்டதாம். தங்கையைக் கூட்டிவர, மேனாம்பேட்டு வீட்டிலிருந்து நான் ஸ்கூட்டரில் வகுப்பு முடியும் முன்பே போய் நின்றுவிடுகிறேன். அவளுக்கு பஸ் இருக்கிறது. நான் வர வேண்டும் என்று யாரும் கேட்கவில்லை.

டீ இடைவேளையில் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருவரும் பேசிக்கொண்டிருப்பார்கள். தங்கை ஏதோ சொல்வாள். அந்தப் பெண் டம்ளரை வைத்துவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொள்ளும். இவள் சிரிக்கத் தெரிந்தவள் என்பது எனக்குத் தெரியும். சிரிக்க வைக்கத் தெரிந்தவள் என்பது இந்த வயதில்தான் தெரிகிறது. ஹெல்மெட்டோடு வெளியே நிற்கும் எனக்கு இழுக்க ஒரு சட்டைக் கை இல்லை.

அன்று அலுவலகத்தில் என்ன சொன்னாள் என்பதுதான் மனதில் ஓடிக்கொண்டே இருக்கும். அந்த ஞாயிற்றுக்கிழமைகளைச் சொல்லியிருப்பாள். என்னைத் திட்டியிருப்பாள். அந்தத் திட்டு ஒரு சொல் விடாமல் எனக்கு வேண்டும் என்று இருந்தது. அவள் என்னிடம் அத்தனை நேரம் பேசியதே இல்லை. பேசியதும் அதிகாரியிடம்தான்.

ஒரு சாயங்காலம் வெட்கத்தை விட்டு அந்தப் பெண்ணிடம் கேட்டேன். அவள் தங்கையிடம் கேட்டாள். முதலில் இரண்டு பேரும் சிரித்து முடித்தார்கள்.

"மீன் குழம்பு எப்டி வெக்கறதுன்னு சொன்னாங்களாம் சார். நீளமா சொன்னாத்தான் நீங்க மாட்டுவீங்கன்னு, புளி கரைக்கறதுலேர்ந்து எறக்கி வெக்கற வரைக்கும் சொன்னாங்களாம்."

தங்கை இன்னும் ஏதோ சொன்னாள்.

"அவ்ளோ சொல்லியும் உங்களுக்கு நாக்குல எச்சில்கூட ஊறலையான்னு கேக்கறாங்க சார்."