திங்கட்கிழமைப் பள்ளம்

அந்தக் குழந்தைகள் இல்லத்தில் அவளைப் பால் ரூம் அக்கா என்றுதான் எல்லோரும் கூப்பிடுவார்கள். காலை ஆறு மணிக்கு வந்து அடுப்பைப் பற்ற வைப்பாள். இருபத்திரண்டு பிள்ளைகளின் பாட்டில்களையும் கொதிக்க வைத்து, இடுக்கியால் எடுத்துக் கவிழ்த்து, பால் கலந்து, ஆற வைக்க வேண்டும். பாட்டில்களில் பேர் எழுதி ஒட்டியிருந்தார்கள். அவளுக்குத்தான் படிக்க வராதே. கழுத்தில் ஒவ்வொரு நிறமாக நூல் கட்டிக்கொண்டாள். பேர் ஒட்டினவர்கள் மாற்றிக் கொடுத்ததுண்டு, நூல் கட்டினவள் ஒரு நாளும் மாற்றிக் கொடுத்ததில்லை.

சிவப்பு நூல் சீமாட்டிக்கு. ஒரு வாய் பாலுக்கு இல்லத்தையே காத்துக் கிடக்க வைப்பாள் என்பதால் அக்கா வைத்த பட்டம் அது. பதினாலு மாசக் குழந்தை. பிறக்கும்போதே உதடும் மேல்வாயும் பிளந்திருந்தன. உதட்டைத் தைத்துவிட்டார்கள், மேல்வாயில் ஓட்டை அப்படியே இருந்தது. உறிஞ்ச வராது. மெத்தென்ற பாட்டிலைப் பிழிந்து பிழிந்துதான் கொடுக்க வேண்டும், கொஞ்சம் தப்பினால் பால் மூக்கு வழியாக வரும். எடை கூடினால்தான் மேல்வாயைத் தைக்க முடியும் என்று டாக்டர் சொல்லி ஆறு மாசம் ஆயிற்று. எடையோ ஏணியில் ஏறுகிற மாதிரி ஏறும், சறுக்கி இறங்கும்.

மற்றவர்கள் கொடுத்தால் பாதி பாட்டில்கூட உள்ளே போகாது. அக்கா கொடுத்தால் அடி வரைக்கும் போகும். "அது எப்படிக்கா உங்ககிட்ட மட்டும்?" என்று கேட்டால், "கைராசி" என்பாள். முகத்தில் அப்போது ஒரு மினுக்கல் வரும்.

கைராசியும் இல்லை, ஒன்றும் இல்லை. சின்னத் தந்திரம். குழந்தையை மடியில் நிமிர்த்தி உட்கார வைத்து, இடது கையை அதன் பாதத்துக்கு அடியில் கொடுத்துக்கொள்வாள். பால் மூக்குக்கு ஏறுவதற்கு முன்னால் சீமாட்டியின் கால் பெருவிரல் மடங்கும். மடங்கினால் நிறுத்த வேண்டும், விரிந்தால் பிழிய வேண்டும். அவ்வளவுதான். மூன்றாம் மாசத்திலேயே கண்டுபிடித்துவிட்டாள், ஒருத்தரிடமும் சொல்லவில்லை. யாரும் பார்த்துவிடக் கூடாதென்று பால் கொடுக்கும்போதெல்லாம் குழந்தையின் காலை ஒரு துண்டால் மூடிக்கொள்வாள். "பிள்ளைக்குக் குளிருமில்ல" என்பாள்.

ஏன் சொல்லவில்லை? ஆயுசு பூராவும், இதைப் படி, இங்கே கையெழுத்துப் போடு என்று யாராவது சொன்னால் கூனிக் குறுகி நின்றவள் அவள். இந்த ஒரு விஷயத்தில் டாக்டரும் நர்ஸும் அவள் பின்னால் நின்று வாய் பிளந்து பார்த்தார்கள். அந்த ருசி நாக்கில் ஒட்டிக்கொண்டது.

அவளுக்குச் சனி, ஞாயிறு லீவு. அந்த இரண்டு நாளும் சின்னவள் என்று கூப்பிடப்பட்ட இளம் ஆயா பால் கொடுப்பாள். திங்கட்கிழமை எடை குறைந்திருக்கும், நர்ஸ் சின்னவளைப் பிடித்து வாங்கு வாங்கென்று வாங்குவாள். அழுதுகொண்டு பால் ரூமுக்கு வருகிறவளின் முதுகைத் தடவி அக்காவே சொல்லியிருக்கிறாள்: "விடுடி. எல்லாருக்கும் கைராசி வாய்ச்சிடுமா?"

இப்படி இருக்கும்போதுதான் கடல் தாண்டி ஒரு தம்பதி சீமாட்டியைத் தத்தெடுக்க வந்தார்கள். ஆபரேஷன், பேச்சுப் பயிற்சி, பல் வரிசை எல்லாம் தெரிந்தே ஒத்துக்கொண்டவர்கள். அவர் நெட்டை மனுஷன், வாசல் நிலையில் தினமும் தலையை இடித்துக்கொள்வார். மனைவி பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறவள், தலை பாதி நரைத்தவள். ஒரு வாரம் இல்லத்துக்கு வந்து போக வேண்டும். குழந்தை புது அம்மா கையால் பால் குடிக்கிறது என்று அடுத்த திங்கட்கிழமைக்குள் டாக்டர் எழுதிக் கொடுத்தால்தான் கோர்ட்டில் உத்தரவு கிடைக்கும். இல்லாவிட்டால் பைல் திரும்பிப் போய்விடும். சீமாட்டிக்காக வேறு யாரும் கேட்டு வந்ததில்லை.

முதல் நாள் பஸ்காரம்மா பாட்டிலைப் பிழிந்தாள். பால் மூக்கில் வந்தது, குழந்தை வீறிட்டது. அக்கா குழந்தையை வாங்கினாள், துண்டைப் போட்டாள், பாட்டிலைக் காலி செய்து கொடுத்தாள். இரண்டாம் நாளும், மூன்றாம் நாளும் அதே கதைதான்.

"நீங்க என்ன செய்யறீங்கன்னு கேக்கறாங்க" என்றாள் மொழிபெயர்த்துச் சொல்ல இருந்த ஆபீஸ் மேடம்.

"கைராசின்னு சொல்லுங்க."

"அதை நான் எப்படிம்மா அவங்க பாஷைல சொல்றது?"

"அப்ப சொல்லாதீங்க."

வியாழக்கிழமை பஸ்காரம்மா பிழிந்துகொண்டே இருந்தாள். குழந்தையின் கால் துண்டில்லாமல் வெறுமனே தொங்கியது. பெருவிரல் மடங்குவதை எட்டடி தூரத்தில் நின்ற அக்கா பார்த்தாள். 'நிறுத்து' என்ற சொல் தொண்டை வரைக்கும் வந்தது. விழுங்கிவிட்டாள்.

அடுத்த நிமிஷம் குழந்தைக்குப் புரையேறி, உதடு நீலம் பாய்ந்தது. நர்ஸ் ஓடி வந்து கவிழ்த்துப் பிடித்து, குழாய் வைத்து உறிஞ்சி எடுத்தாள். மூச்சு திரும்பியது. பஸ்காரம்மா சுவரோடு ஒட்டி நின்றாள். ஏதோ சொன்னாள்.

"என்னால முடியாது போல, இவளைக் கொன்னுடுவேன் போலன்னு சொல்றாங்க" என்றாள் மேடம்.

நெட்டையர் மனைவியின் தோளைப் பிடித்து வெளியே கூட்டிக்கொண்டு போனார். அன்றைக்கும் தலையை இடித்துக்கொண்டார். யாரும் சிரிக்கவில்லை.

நர்ஸ் தொட்டிலில் தொங்கிய எடை அட்டையை எடுத்து அக்காவிடம் காட்டினாள். பாராட்டுவதாகத்தான் நினைத்துச் சொன்னாள், பாவம். "பாருங்கக்கா, வாரம் ரெண்டு தடவை எடை போடறோம். வியாழக்கிழமை எல்லாம் மேடு. திங்கக்கிழமை எல்லாம் பள்ளம். நீங்க இல்லாத சனி, ஞாயிறு. இந்தப் பள்ளம் மட்டும் இல்லேன்னா ஆபரேஷன் எப்பவோ முடிஞ்சிருக்கும். அவ்வளவு ஆசை இதுக்கு உங்க மேல!"

அக்காவுக்கு எழுத்துத் தெரியாது. மேடு பள்ளம் தெரியும். விரலை வைத்துக் கோட்டின் மேல் நடந்தாள். ஏறி இறங்கி, ஏறி இறங்கி, இருபத்தைந்து பள்ளம் எண்ணினாள், அதற்குமேல் எண்ண முடியவில்லை. முகத்தில் யாரோ சுடுதண்ணீரை வீசின மாதிரி இருந்தது.

அன்று வீட்டில் அவள் சாப்பிடவில்லை. தையல் மெஷினிலிருந்து தலையைத் தூக்காமலே புருஷன் கேட்டான்: "என்ன, உன் சீமாட்டி கப்பல் ஏறிட்டாளா?"

"வாயை மூடிக்கிட்டுத் தையுங்க."

"நான் மூடிட்டேன். நீதான் எதையோ மூடி வெச்சிருக்கே, மூஞ்சி சொல்லுது."

வெள்ளிக்கிழமை காலை அக்கா எல்லோரையும் கூப்பிட்டாள். நர்ஸ், சின்னவள், மேடம், அந்தத் தம்பதி. குழந்தையை மடியில் வைத்து, காலை மூடியிருந்த துண்டை எடுத்துத் தரையில் போட்டாள். விரலைக் காட்டினாள், சொன்னாள்.

"இது எனக்கு மூணாம் மாசமே தெரியும். நான்தான் மறைச்சேன்."

முதலில் சின்னவளுக்குத்தான் புரிந்தது. "அப்ப நான் திங்கக்கிழமை திங்கக்கிழமை திட்டு வாங்கினது?" அவள் குரல் உயர்ந்தது. "முதுகைத் தடவிக் குடுத்தீங்களே அக்கா! அந்தக் கையாலதானே துண்டையும் போட்டீங்க!"

நர்ஸ் அக்காவைப் பார்க்காமல் ஜன்னலைப் பார்த்தாள். அதுதான் அதிகம் சுட்டது.

மேடம் விரல் விஷயத்தை மட்டும் மொழிபெயர்த்தாள். அக்கா விடவில்லை.

"மறைச்சேன்னு சொன்னீங்களா?"

"அது எதுக்கும்மா இப்ப, வந்தவங்ககிட்ட..."

"சொல்லுங்க. சொன்னாத்தான் பாட்டிலை அவங்க கையில குடுப்பேன்."

மேடம் சொன்னாள். பஸ்காரம்மா அக்காவைப் பார்த்து இரண்டே வரி பேசினாள்.

"என்னவாம்?"

மேடம் தயங்கினாள். "'உங்களுக்கு இவளை விட்டுட மனசில்லைன்னு முதல் நாளே எனக்குத் தெரிஞ்சுது. ஆனா நேத்து நீங்க கத்தியிருக்கணும்'கறாங்க."

"ஆமா" என்றாள் அக்கா. "கத்தியிருக்கணும்."

பஸ்காரம்மா உட்கார்ந்து மடியை நேராக்கிக்கொண்டாள். அக்கா குழந்தையை அவள் மடியில் வைத்து, அவளுடைய இடது உள்ளங்கையை எடுத்து அந்தச் சின்னப் பாதத்துக்கு அடியில் வைத்தாள். மடங்கியது. நிறுத்தினாள். விரிந்தது. பிழிந்தாள். ரோட்டில் சைகை பார்த்து நிறுத்திப் போகிற தொழில்காரியாயிற்றே, சட்டென்று பிடிபட்டது. பாட்டில் தீர முக்கால் மணி நேரம் ஆயிற்று. மூக்கில் ஒரு சொட்டு வரவில்லை. அடுத்த வேளைக்குச் சின்னவள், "தள்ளுங்க, நானும் பாக்கறேன்" என்று வந்து உட்கார்ந்தாள். அக்காவின் பக்கம் திரும்பவே இல்லை.

சனி, ஞாயிறு லீவு. நர்ஸ் இந்த ஒரு வாரம் வரச் சொல்லியும் அக்கா மாட்டேன் என்றுவிட்டாள். வீட்டில் இருந்த பாத்திரத்தையெல்லாம் இரண்டு தடவை கழுவினாள். "பிள்ளை குடிச்சுதான்னு போன் போட்டுக் கேளேன்" என்றான் புருஷன். "கேக்க எனக்கு மூஞ்சி இல்ல" என்றாள்.

திங்கட்கிழமை எடை போட்டார்கள். நர்ஸ் புள்ளி வைத்து, கோட்டை இழுத்து, "அக்கா, பள்ளமே இல்ல!" என்று கத்தினாள். டாக்டர் வந்து பார்த்து எழுதிக் கொடுத்தார். பஸ்காரம்மா சின்னவளைக் கட்டிக்கொண்டாள், நெட்டையர் கண்ணைத் துடைத்தார்.

அக்கா அட்டையைக் கையில் வாங்கினாள். சந்தோஷம்தான், யார் இல்லையென்றது? ஒரே ஒரு திங்கட்கிழமை மேடாக இருந்தது. அதற்கு முன்னாலிருந்த பள்ளங்களையெல்லாம் வெட்டியது யார் என்று அது பக்கத்திலேயே உட்கார்ந்து சொல்லிக்கொண்டிருந்தது. அட்டையைத் தொட்டிலில் மாட்டிவிட்டாள்.

போட்டோ எடுக்க வேண்டும், அக்காவும் நிற்க வேண்டும் என்று பஸ்காரம்மா பிடிவாதமாக நின்றாள். அக்கா நெட்டையரின் முதுகுக்குப் பின்னால் மறைந்து நின்றுகொண்டாள். நர்ஸ் பழக்க தோஷத்தில் துண்டை எடுத்துக் குழந்தையின் காலில் போடப் போனாள்.

"வேண்டாம்" என்றாள் அக்கா, பின்னாலிருந்தே. "கால் தெரியட்டும்."