அக்கா வீட்டில் விளக்கு சிமிட்டாத நாட்கள்

என் அக்காவுக்குக் காது கேட்காது. பள்ளிக்கூட வயதில் வந்த ஒரு காய்ச்சலில் போனது. ஆனால் நன்றாகப் பேசுவாள். நாம் பேசினால் உதட்டைப் பார்த்தே புரிந்துகொள்வாள். விளாங்குடியில் தனியாக இருந்துகொண்டு வீட்டிலேயே ரவிக்கை தைக்கிறாள்.

வாசல் மணியை அழுத்தினால் தையல் மிஷினுக்கு மேலே இருக்கும் பல்பு மூன்று முறை சிமிட்டும்படி நான்தான் செய்துகொடுத்தேன். மணி, பல்பு இரண்டையும் இணைக்க வைஃபையோடு ஒரு சின்னப் பெட்டி. எது நடந்தால் எது நடக்க வேண்டும் என்பதை மொபைல் ஆப்பில் எழுதிவைத்தேன்.

சில நாள் அது சிமிட்டவில்லை. முகூர்த்த ரவிக்கை வாங்க வந்த ஒரு அம்மா வெயிலில் நின்று நின்று மணியை அழுத்திவிட்டு, கோபமாகத் திரும்பிப் போய்விட்டார். ஞாயிற்றுக்கிழமை தல்லாகுளத்திலிருந்து வந்து மணியின் பேட்டரியை மாற்றினேன், பெட்டியை அணைத்து மறுபடி போட்டேன். உடனே சிமிட்டியது.

"நல்லாத்தானக்கா இருக்கு? நீ குனிஞ்சு தைக்கையில கவனிச்சிருக்க மாட்ட."

நான் அப்படிச் சொன்னதை நினைத்தால் இப்போதும் கூசுகிறது.

அடுத்தமுறை போனபோது அளவு நோட்டின் கடைசிப் பக்கத்தைக் காட்டினாள். பக்கத்து வீட்டுக்காரரைத் தினமும் மணியை அழுத்தச் சொல்லி, எந்த நாள் சிமிட்டியது, எந்த நாள் இல்லை என்று குறித்திருந்தாள்.

"கரண்ட் போயிட்டு வந்தா அதுக்கப்புறம் சிமிட்டாது, தம்பி."

நான் நம்பாமல் பார்த்தேன். அவள் மெயினை அணைத்து மறுபடி போட்டாள். என்னை மிஷின் முன்னால் உட்காரவைத்துவிட்டு, தானே வெளியே போய் மணியை அழுத்தினாள். எனக்கு மணிச்சத்தம் கேட்டது. பல்பு சிமிட்டவில்லை.

உள்ளே வந்து போனை நீட்டினாள். "மணி அடிச்சது இதுல பதிவாயிருக்கு. பல்பும் போன்ல போட்டா எரியுது. நேரத்தைப் பாரு."

அப்போது காலை பதினொரு மணி. பதிவில் ராத்திரி ரெண்டு. மின்சாரம் திரும்பும்போது இணையம் வருவதற்கு முன்பே பெட்டி விழித்துக்கொள்கிறது. சரியான நேரம் கிடைக்காமல் தப்பான நேரத்திலேயே கிடக்கிறது. நானோ காலை ஆறு முதல் இரவு பத்து வரைதான் சிமிட்ட வேண்டும் என்று எழுதியிருந்தேன். என் உத்தரவை அது ஒழுங்காகக் கேட்டிருக்கிறது.

"ஆறுல இருந்து பத்து வரைன்னு போட்டது யாரு?"

"நான்தான்க்கா. தூக்கத்துல உனக்குத் தொந்தரவா இருக்குமேன்னு..."

"ராத்திரி ஒருத்தர் வந்து நின்னா எனக்குத் தெரிய வேணாமா?"

கேட்டுக்கொண்டே அந்த வரியை அழித்தாள். மறுபடி மெயினை அணைத்துப் போட்டு, மணியை அழுத்திவிட்டு வந்தாள். மூன்று முறை சிமிட்டியது. எட்டு வருடமாகக் கம்ப்யூட்டர் வேலை பார்க்கும் நான் ஒரு தடவைகூட அந்தப் பதிவைத் திறந்து பார்த்ததில்லை.

அன்று மாலையே ரவிக்கையை எடுத்துக்கொண்டு, கோபித்துக்கொண்டு போன அந்த அம்மா வீட்டுக்குப் போய், நடந்ததைச் சொல்லி, அதைக் கொடுத்துவிட்டு வந்தாள். போன மாதம் செல்லூரில் இருக்கும், காது கேட்காத அவள் தோழி ஒருத்தி இதேபோல் வேண்டும் என்று கேட்டாள்.

"நானும் வாரேன்க்கா" என்றேன்.

"வேணாம்ப்பா, நானே போட்டுக் குடுத்துட்டு வந்துர்றேன்" என்று சொல்லிவிட்டு பஸ் ஏறினாள்.