பூனையிடம் சொல்லிவிட்ட சேதி

சூரியநெல்லி போகிற பாதையில் என் சாப்பாட்டுக் கடையைத் தெரியாத ஜீப் டிரைவர் கிடையாது. நாலாம் வகுப்பைத் தாண்டாதவன் தன் கையால் கட்டிய கடை அது. என் மீன் குழம்பின் பெயர் அடிமாலி வரைக்கும் போயிருக்கிறது. நானாகச் சொல்லவில்லை, சாப்பிட்டவர்கள் சொல்வது. ஆனால் இப்போது வருகிற பிள்ளைகள் குழம்பைவிட வாசலைத்தான் அதிகம் படம் பிடிக்கிறார்கள். வாசலில் லவ் பேர்ட்ஸ் கூண்டு தொங்கும். நேர் கீழே என் பூனை மல்லாந்து உறங்கும். "எப்படி அங்கிள், பூனை பிடிக்காதா?" என்று கேட்பார்கள். "பிடிக்காது. நான் பழக்கினது அப்படி" என்பேன். பொய்யில்லை. இந்த வித்தையில் எனக்குச் சின்ன வயதிலேயே கை தேர்ந்துவிட்டது.

அப்போது நாங்கள் தேயிலை எஸ்டேட் லயத்தில் இருந்தோம். நீளமாக ஒரே கட்டடம், அதில் வரிசையாக வீடுகள். ஒரு வீட்டுக்கும் அடுத்த வீட்டுக்கும் நடுவில் இருக்கிற சுவர் கூரை வரைக்கும் போகாது. ஆள் உயரத்துக்குக் கொஞ்சம் மேலே எழும்பி நின்றுவிடும். பக்கத்து வீட்டில் மிளகாய் தாளித்தால் நாங்கள் தும்முவோம்.

பக்கத்து வீட்டில் ஓர் அத்தை இருந்தாள். சொந்தம் ஒன்றுமில்லை, அம்மாவுக்கு அடுத்த நிரையில் நின்று கொழுந்து பறிக்கிறவள். குழாயடியில் யார் குடம் முதலில் என்பதில் தொடங்கி, இரண்டு பேருக்கும் பேச்சுவார்த்தை நின்றுபோயிருந்தது. பேச்சுத்தான் நின்றதே தவிர, சொல்ல வேண்டியதை ஒருத்தியும் சொல்லாமல் விட்டதில்லை. அதற்கு எங்கள் பூனை இருந்தது. எலிக்காக அம்மா வளர்த்த பூனை, சுவரேறி இரண்டு வீட்டிலும் நடமாடும். விடிகாலையில் அந்தப் பக்கமிருந்து அத்தை அதனிடம் சொல்லுவாள்: "ஏ பூனே, இந்நேரத்துல பாத்திரத்த உருட்டுனா மனுசன் உறங்க வேண்டாமான்னு கேட்டுட்டு வா." அம்மா அடுப்பைப் பார்த்தபடியே பதில் அனுப்புவாள்: "பூனே, உறங்குதவங்க உறங்கட்டும், எங்களுக்கு வேலைக்குப் போவணும்னு சொல்லு." பூனை இரண்டையும் கேட்டுவிட்டு, எங்கேயும் போகாமல் அடுப்படியில் சுருண்டுகொள்ளும்.

அம்மாவின் தம்பி, என் மாமா, துரையின் பங்களாவில் சமையல்காரர். எங்கள் சனத்தில் பங்களாவுக்குள் கால் வைத்த முதல் ஆள் அவர்தான் என்பதில் அம்மாவுக்குப் பெருமை தாங்காது. ஒருமுறை துரையும் துரைசாணியும் லீவில் ஊருக்குப் போனார்கள். துரைசாணி உயிராக வளர்த்த இரண்டு பறவைகள், ஒன்று நீலம், ஒன்று பச்சை, மாமாவின் பொறுப்பில் நின்றன. ஆளில்லாத பங்களாவில் கணப்பு எரியாது, பறவை குளிரில் விறைத்துப்போகும் என்று மாமா கூண்டைத் தூக்கிவந்து எங்கள் அடுப்படி உத்தரத்தில் மாட்டினார்.

"யக்கா, இதுல ஒண்ணு செத்தாலும் என் வேல போச்சு. இந்தப் பூனைய எங்கயாவது தள்ளிவிட்டுரு."

"பூனைய விட்டா அரிசிய எலி திங்கும். அம்புட்டுப் பயமா இருந்தா குருவிய ஒன் தலையில வச்சுக்க" என்றாள் அம்மா.

காவலுக்கு நான் இருந்தேன். பள்ளிக்கூடத்துக்கும் எனக்கும் ஏற்கெனவே ஒத்துவராது, அதனால் நஷ்டம் ஒன்றுமில்லை. பூனை கூண்டை நிமிர்ந்து பார்த்தால் மூக்கில் ஒரு தட்டு, பார்க்காமல் இருந்தால் ஒரு கருவாட்டுத் தலை. கொஞ்ச நாளில் அது பறவைகளுக்கு முதுகைக் காட்டிப் படுக்கப் பழகிவிட்டது. இதையே இன்றைக்குப் பட்டணத்தில் வகுப்பு நடத்திச் சொல்லிக்கொடுக்கிறார்களாம்.

துரைசாணி வருவதற்கு முதல் நாள், கூண்டைச் சுத்தம் செய்ய மாமா வந்தார். நான் விறகு பொறுக்கப் போயிருந்தேன். திரும்பி வந்தால் மாமா தலையில் கை வைத்து உட்கார்ந்திருக்கிறார். கூண்டுக் கதவு திறந்து கிடக்கிறது. உள்ளே பச்சை மட்டும். தரையில் நீல இறகு ஒன்று. அதன் பக்கத்தில் உட்கார்ந்து பூனை வாயை நக்கிக்கொண்டிருக்கிறது.

"அழுக்கக் கொட்டிட்டுத் திரும்புததுக்குள்ள தின்னுட்டுலே! நான் அப்பவே சொன்னேம்லா!"

என் பூனை தின்னாது என்று கத்தினேன். யார் கேட்டார்கள்? கொழுந்துச் சாக்கை எடுத்துப் பூனையை உள்ளே போட்டுக் கட்டினார் மாமா. காலையில் கொழுந்து லாரியில் ஏற்றிவிடுவதாகத் தீர்ப்பு. வேலை முடிந்து வந்த அம்மா முதுகுக் கூடையைக்கூட இறக்காமல் அப்படியே நின்றாள். சாக்குக்குள் பூனை ஓலமிட்டது.

அப்போது சுவருக்கு அந்தப் பக்கமிருந்து குரல் வந்தது.

"ஏ பூனே, ஏன் கெடந்து கத்துத? நீலக் குருவி எங்க வீட்டுக் கொடியில வந்து உக்காந்துச்சு, பிடிச்சுக் கூடைக்குள்ள மூடி வச்சிருக்கேன்னு சொல்ல வேண்டியதுதான? நான் யார்கிட்டயும் பேசல. உங்கிட்டத்தான் பேசுதேன்."

மாமா துள்ளி எழுந்து வாசலுக்கு ஓடப்போனார். அம்மா அவர் சட்டையைப் பிடித்து நிறுத்தினாள். சாக்கைப் பார்த்துச் சொன்னாள்: "பூனே, அவங்க வாசல் ஏறிப் போயிக் கேக்க எங்களுக்கு வாய் இல்லன்னு சொல்லு."

"ஒங்க ரோசத்துல என் வேல போவுதுக்கா!" என்றார் மாமா, அழாத குறையாக.

பிறகு அந்தப் பக்கம் விறகுக் கட்டை உருளும் ஓசை கேட்டது. கண்ணாடி வளையல் போட்ட ஒரு கை சுவருக்கு மேலே வந்தது. கையில் துணியால் மூடிய சின்னக் கூடை. மாமா எக்கி வாங்கினார். வாலில் ஓர் இறகு குறைந்திருந்தது, மற்றபடி நீலம் நலமாக இருந்தது. மறுநாள் வந்த துரைசாணி அந்தக் குறையைக் கவனிக்கவுமில்லை.

மாமாவின் வேலை நிலைத்தது. பின்னால் என்னையும் பங்களா அடுப்படிக்குக் கூட்டிப்போனார். நான் கரண்டி பிடித்தது அங்கேதான். யார் தயவும் இல்லாமல் முன்னுக்கு வந்தவன் என்று ஊரெல்லாம் சொல்லிக்கொள்கிறேன். ஆனாலும் காலையில் கூண்டுக்குத் தினை போடும்போது அந்த வளையல் கையை நினைத்து மனசுக்குள் கும்பிட்டுக்கொள்வேன்.

அன்று பூனையை அவிழ்த்துவிட்டதும் அம்மா குழம்பு கூட்டினாள். பெரிய கிண்ணம் நிறைய மீன் குழம்பு ஊற்றி, எக்கிச் சுவர்மேல் வைத்தாள்.

"பூனைக்கா இம்புட்டும்?" என்றேன்.

"பாவம், பழி கேட்டதுல்லா. தின்னட்டும்லே" என்றாள்.

அம்மாவும் அத்தையும் நேருக்கு நேர் பேசி அதற்குப் பிறகும் நான் பார்த்ததில்லை. கிண்ணம் மட்டும் மறுநாள் சுவர்மேல் இருந்தது, பளபளவென்று கழுவி, உள்ளே அவித்த கப்பைக் கிழங்கு இரண்டு துண்டோடு. எவ்வளவு நன்றியுள்ள பூனை, நான் பழக்கியதல்லவா என்று லயம் முழுக்கச் சொல்லித் திரிந்தேன்.