முனியப்பன் கிடாயின் மணி

எங்கள் கரட்டில் ஓநாய்களைக் கொண்டுவந்து விட்டபோது ஊரில் யாரையும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஜலகண்டாபுரத்துக்கு மேற்கே ஊரை ஒட்டி நிற்கிற சின்னக் குன்று அது. பட்டா எதுவும் இல்லாமலே ஊர் ஆடுகள் எல்லாம் அதில்தான் வயிறு வளர்த்தன. முன்னொரு காலத்தில் அங்கே ஓநாய்கள் இருந்தனவாம், அதனால் திரும்பவும் இருக்க வேண்டுமாம். முன்னொரு காலத்தில் எங்கள் ஊருக்கு டவுன் பஸ்கூடத்தான் வந்துகொண்டிருந்தது. அதைத் திரும்பக் கொண்டுவர எந்த அதிகாரிக்கும் தோன்றவில்லை.

ஒருநாள் வனத்துறை அதிகாரி கோயில் வாசலில் கூட்டம் போட்டார். ஓநாய் ஆட்டைப் பிடித்தால் மனு கொடுக்கலாம். ஓநாய்க்கு ஏதாவது ஆனால் கரடு முழுவதையும் கம்பிவேலி போட்டு அடைத்துவிடுவோம் என்று சொல்லிவிட்டுப் போனார். அடுத்த வாரமே கம்பிச் சுருள்கள் லாரியில் வந்து கரட்டடியில் இறங்கின.

ஊரிலேயே பெரிய ஆட்டுப்பட்டி என் அத்தையுடையது. கட்டிக்கொடுத்த இடம் பிடிக்காமல் இரண்டு ஆடுகளை ஓட்டிக்கொண்டு எங்கள் வீட்டுக்குத் திரும்பி வந்தவள், அந்த இரண்டைத்தான் பட்டியாகப் பெருக்கியிருந்தாள். எதிரே யார் வந்தாலும் வழிவிட மாட்டாள். ஆடுகளும் அதை அவளிடம் கற்றுக்கொண்டிருந்தன. பட்டியில் ஒரே ஈற்றில் பிறந்த இரண்டு கருங்கிடாய்கள் இருந்தன. எனக்குக் காமாலை கண்டபோது ஒன்றை அத்தை முனியப்பனுக்கு நேர்ந்துவிட்டு, மஞ்சள் துணியில் கோத்த மணியை அதன் கழுத்தில் கட்டினாள். மற்றது என்னுடையது. எனக்கு வாங்கித் தரும் முறுக்கில் பாதி அதற்குத்தான் போகும்.

ஒரு சாயங்காலம் பட்டியை ஓட்டிக்கொண்டு இறங்கும்போது என் கிடாயைக் காணவில்லை. தேடிப் போய் ஓடைப் புதரில் கண்டோம். வயிறும் தொடைகளும் போய், தலையும் கழுத்தும் மட்டும் மிஞ்சியிருந்தன. அந்த ஓநாயைக் கொல்ல வேண்டும் என்று நான் போட்ட கூச்சல் ஊர்வரை கேட்டிருக்கும்.

கேட்டதுதான். கீழே ஆள் சத்தம் வந்தது. அடுத்து எந்த ஆடு விழுந்தாலும் மிச்ச இறைச்சியில் பயிர்ப் பூச்சிக்குப் போடும் குருணை மருந்தைக் கலந்து ஓநாய்க்கு வைப்பது என்று சித்தப்பாவும் சிலரும் முன்பே பேசி வைத்திருந்தார்கள். அத்தை ஒருமுறை பாதையைப் பார்த்தாள். சட்டென்று முனியப்பன் கிடாயைப் பிடித்து மணியை அவிழ்த்தாள். அதைச் செத்த கிடாயின் கழுத்தில் கட்டினாள். வாயைத் திறக்காதே என்று என்னைக் கண்ணாலேயே அடக்கினாள்.

சித்தப்பா மருந்துப் பொட்டலத்தோடு வந்து நின்றார். அத்தை குறுக்கே நின்றாள்.

"கிட்ட வராத தம்பி. இது முனியப்பன் கெடா. மருந்து வெக்கோணும்னா உன்ர கையால நீயே வெய்யி."

வந்தவர்கள் மணியைப் பார்த்ததும் செருப்பைக் கழற்றிவிட்டார்கள். சாமிக்கு விட்ட ஆடு தானாகச் செத்தால் மஞ்சள்நீர் தெளித்துக் குழியில் இறக்குவதுதான் எங்கள் பக்கத்து வழக்கம்; அதில் ஒரு கீறல்கூடப் போடக் கூடாது. சித்தப்பா பல்லைக் கடித்துக்கொண்டு பொட்டலத்தை மடியில் செருகினார். மருந்து வைக்க வந்தவர்களே குழி தோண்டினார்கள்.

வீட்டுக்குப் போகும் வழியில், பொய் சொன்னதற்கு முனியப்பன் கண்ணைக் குத்திவிடுவார் என்று நான் அத்தையை மிரட்டினேன். அவள் நின்று திரும்பினாள்.

"முனியப்பன் கோவிச்சுக்கிட்டா நான் பேசிக்கறேன். கரட்டுக்கு வேலி போட்டுட்டா ஆருகிட்டப் போய்ப் பேசறது, சொல்லு கண்ணு."

மறுநாள் காலையில் கரட்டடியில் வனக்காவலர் நின்றிருந்தார். ஊரில் ஏதோ நடந்திருக்கிறது என்று மோப்பம் பிடித்து வந்தவர். அத்தை நடையைக் குறைக்கவில்லை.

"உங்க ஓநாயெல்லாம் சொகமாத்தானுங்க இருக்குது. போய் எண்ணிப் பார்த்துக்கங்க. அப்படியே இந்தக் கம்பியையும் எடுத்துக்கிட்டுப் போயிருங்க."

அவள் சொல்லி முடிப்பதற்குள் பட்டி முழுவதும் கம்பிச் சுருள்களுக்கு நடுவே புகுந்து மேலே ஏறிவிட்டது. அவர்தான் ஒதுங்கி நிற்க வேண்டியிருந்தது.

ஆடியில் முனியப்பனுக்குப் பொங்கல் வைத்தோம். சாமி கிடாயை ஓநாய் தின்றுவிட்டதே, அதற்குப் பதிலாக எனக்கென்று விட்டிருந்த கிடாயைக் கொடுப்பதாக ஊரிடம் சொல்லி, மிஞ்சியிருந்த கிடாயை அத்தை கோயிலுக்கு ஓட்டிப்போனாள். வாக்குத் தவறாதவள் என்று ஊரே அவளை மெச்சியது. முனியப்பனுக்குச் சேர வேண்டியது அவரிடமே சேர்ந்தது என்பது எங்கள் இருவருக்கு மட்டுந்தான் தெரியும்.

ஆனால் நான் அத்தையிடம் வெகுநாள் முகம் கொடுத்துப் பேசவில்லை. என் கிடாயைத் தின்ற ஓநாயின் பக்கம் அவள் சேர்ந்துவிட்டாள் என்று எனக்கு ஆத்திரம். வேலி என்றால் அவள் ஏன் அப்படிப் பதற வேண்டும் என்றும் விளங்கவில்லை. கரட்டடியில் துருப்பிடித்துக் கிடந்த கம்பிகளைத் தாண்டும்போதெல்லாம், இதைச் சீக்கிரம் கட்டித் தொலைத்தால் ஓநாய் உள்ளேயே கிடக்கும், நாம் நிம்மதியாக ஆடு மேய்க்கலாம் என்று நினைத்துக்கொள்வேன். எங்கே மேய்ப்பது என்று எனக்குத் தோன்றவே இல்லை.