என் பாதிக் கடவுச்சொல்

போன மாதம் தேவகோட்டையிலிருந்து ஒரு அம்மா என்னைத் தேடிக் காரைக்குடிக்கு வந்தார். கணவருக்கு முப்பதாம் நாள் பூசை முடிந்த கையோடு பஸ் ஏறியிருந்தார். மடியில் கணவரின் பழைய டைரி. கணவர் பள்ளிக்கூடத்தில் அறிவியல் வாத்தியாராக இருந்தவர். ஒரு காலத்தில் என் உயிர்ச் சிநேகிதர். கடைசிப் பல வருடங்களாக எங்களுக்குள் பேச்சு வார்த்தை கிடையாது.

எங்களைச் சேர்த்து வைத்தது ஒரு மின்னஞ்சல் குழுமம். இணையம் எங்கள் ஊருக்கு வந்த புதிதில், படத்தையும் ஒலியையும் கணினியையும் வைத்துக் கலை செய்கிறவர்கள், அதே கையோடு அநியாயத்தையும் எதிர்க்கிறவர்கள், பல நாடுகளிலிருந்து அதில் எழுதிக்கொண்டிருந்தார்கள். எனக்கு அதில் பாதி புரியாது, ஆனாலும் ஒரு கடிதம் விடாமல் படிப்பேன். அந்தக் கூட்டத்தில் பக்கத்து ஊர்க்காரர் ஒருவர் இருக்கிறார் என்று தெரிந்தபோது எனக்குத் தலைகால் புரியவில்லை. அடுத்த சனிக்கிழமையே வாத்தியார் காரைக்குடிக்கு வந்துவிட்டார்.

அப்போது சாலையை அகலப்படுத்த, இரண்டு பக்கமும் நின்ற புளிய மரங்களை வெட்டிக்கொண்டிருந்தார்கள். நாங்கள் ஒரு இணையப் பக்கம் தொடங்கினோம். சாலையின் வரைபடம், வெட்டின ஒவ்வொரு மரத்துக்கும் ஒரு புள்ளி. புள்ளியை அழுத்தினால் அந்த மரம் விழுந்த சத்தம் கேட்கும். அதற்கு முன்னால் வாத்தியாரின் குரல், வகுப்பில் பெயர் கூப்பிடுகிற அதே குரல்: "திருக்கோஷ்டியூர் ரோடு, ஒன்பதாவது மரம், காலை பத்து மணி." அதைக் கேட்டு அழுததாக ஒரு வெளிநாட்டுக்காரர் எழுதினார். புளிய மரத்தைக் கண்ணால்கூடப் பார்த்திராத மனுஷன்.

ஒருமுறை குழுமத்தார் எல்லாரும் ஒரே நேரத்தில் ஒப்பந்தக்காரரின் இணையப் பக்கத்தைத் திரும்பத் திரும்பத் திறந்து, அதை முடக்குவது என்று முடிவானது. காலை பதினோரு மணி. நாங்கள் இருவரும் பிரவுசிங் சென்டரில் விறைப்பாக உட்கார்ந்திருந்தோம். இரண்டு நிமிடம் இருக்கும்போது கரண்ட் போய்விட்டது. "அவன முடக்க வந்து நாம முடங்கிப்போனோமே!" என்று வாத்தியார் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அப்படி ஒருவர் சிரித்து அப்புறம் நான் கேட்கவில்லை.

எதற்கும் தனி உரிமையாளர் இருக்கக் கூடாது என்பது குழுமத்தின் கொள்கை. அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு, பக்கத்தின் கடவுச்சொல்லை நாங்கள் இரண்டாகப் பிரித்தோம். முதல் நான்கு எழுத்து எனக்கு, கடைசி நான்கு அவருக்கு. ஒருவருக்கொருவர் சொல்லக் கூடாது, எழுதியும் வைக்கக் கூடாது. எதை ஏற்றவும் எதை நீக்கவும் இரண்டு பேரும் அருகருகே இருந்தாக வேண்டும். நான் தட்டும்போது அவர் சுவரிலிருக்கும் காலண்டரைப் பார்ப்பார். அவர் தட்டும்போது நான் பார்ப்பேன். "என்ன, ரெண்டு பேரும் சண்டையா? மூஞ்சியத் திருப்பிக்கிட்டு இருக்கீக?" என்று பிரவுசிங் சென்டர் கடைக்காரர் கேலி செய்வார்.

சண்டையும் வந்தது. எங்களுடையது தச்சுக் குடும்பம். வெட்டின மரங்களில் சிலவற்றை ஏலத்தில் எடுத்தவன் என் அண்ணன். வாத்தியார் அண்ணனின் மர வாடிக்கே போய், ரம்பச் சத்தத்தோடு அவன் பேச்சையும் பதிவு செய்துகொண்டு வந்தார். நானும் என்ன ஏதென்று கேட்காமல் என் பாதியைத் தட்டிக் கொடுத்தேன். பிறகுதான் அந்த ஒலியைக் கேட்டேன். "மரத்துக்கு அழுகுறாகளே, அவுக வீட்டுக் கதவு எதுல செஞ்சதாம்?" என்று அண்ணன் கேட்கிறான். குழுமத்தில் முகம் தெரியாதவர்களெல்லாம் அவனைக் கொலைகாரன் என்று எழுதினார்கள்.

"அத எடுத்துருங்க வாத்தியாரே" என்றேன்.

"உங்க அண்ணன் கேட்டது நியாயமான கேள்வி. அது இருக்கணும். திட்டுறவுகளுக்கு நான் பதில் எழுதுறேன்" என்றார்.

"என் பாதி இல்லாம இனி எப்புடி ஏத்துறீகன்னு பாக்குறேன்" என்று எழுந்து வந்துவிட்டேன். அண்ணனின் குரல் இருந்த இருபத்து மூன்றாவது மரத்தோடு பக்கம் நின்றுபோனது. அதற்குப் பிறகும் சில சனிக்கிழமைகள் அவர் வந்து காத்திருந்ததாகக் கடைக்காரர் சொன்னார். நான் வீம்புக்காரன், போகவில்லை. அண்ணனோ அந்த விஷயத்தை ஒரு வாரத்தில் மறந்துவிட்டான்.

அந்த அம்மா வந்து சொன்னது இதுதான்: அந்தப் பக்கத்தை வைத்திருக்கும் நிறுவனம் அந்த மாதக் கடைசியில் அதை மூடப்போகிறதாம். புள்ளிகள் தெரிகின்றன, ஆனால் புதிய கணினிகளில் சத்தம் வருவதில்லை. உள்ளே நுழைந்தால்தான் ஒலிகளை எடுக்க முடியும்.

"அவுக நல்லா இருந்தப்ப பேசுன குரல் அதுல மட்டுந்தான்ணே இருக்கு. கல்யாண வீடியோவுல எல்லாம் பந்தியில சாப்புட்டுக்கிட்டுல்ல இருக்காக" என்றார் அந்த அம்மா.

டைரியின் முதல் பக்கத்தைத் திறந்து காட்டினார். நான்கு எழுத்துகள். அதன் கீழே, "அவர் வந்தால் கொடுக்கவும்." நாங்கள் சண்டை போட்ட வருடத்து டைரி. விதியை மீறி எழுதி வைத்திருக்கிறார், எனக்காக.

என் வீட்டுக் கணினியை நகர்த்தி வைத்து, விரலைக் கொண்டுபோனேன். சண்டை போட்ட அன்றைக்கு அவர் போட்டிருந்த சட்டையின் நிறம் நினைவிருக்கிறது. நான் சொன்ன ஒவ்வொரு சொல்லும் நினைவிருக்கிறது. என் நான்கு எழுத்து வரவில்லை. அண்ணன் பெயரைத் தட்டினேன், வீட்டு எண்ணைத் தட்டினேன், தோன்றியதையெல்லாம் தட்டினேன். ஒவ்வொரு தடவையும் தவறு என்றே வந்தது. ஏதாவது சொல்ல வேண்டுமே என்று திரும்பினேன்.

அந்த அம்மா எனக்கு முதுகைக் காட்டி, சுவரிலிருந்த காலண்டரைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"நீங்க தட்டுறப்ப பாக்கக் கூடாதுன்னு அவுக சொல்லியிருக்காகண்ணே" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, திரும்பாமலே கேட்டார்: "இப்பத் திரும்பலாமாண்ணே?"