ரெகுலேட்டரில் வந்த நுரை

பழுதான கேஸ் ரெகுலேட்டர்களைத் திருப்பி அனுப்பும்படி கம்பெனி என் கடைக்கு எழுதிய கடிதத்தை, இருக்கும் சரக்கு விற்றுத் தீரட்டும் என்று நான் மேசைக்குள் பூட்டி வைத்தேன்.

சென்னீர்குப்பத்தில் கிரில் சிக்கன் கடை வைத்திருந்த மருதாணித் தாடிக்காரர் அதில் ஒன்றை வாங்கினார். தினமும் அடுப்பு பற்றவைக்குமுன் சோப்பு நுரை தடவிக் கசிவு பார்ப்பது அவர் வழக்கம்.

“எப்டி மாட்னாலும் நுரை முட்டை வுடுது சார், மாத்திக் குடு.”

“சரியா மாட்டுங்க பாய்,” என்று திருப்பி அனுப்பினேன்.

மறுநாள், என் பேச்சை நம்பி அதையே இறுக்கி மாட்டிப் பற்றவைத்ததில் அவர் கடையில் தீப்பிடித்து, அவர் மனைவியின் கை வெந்தது.

ஒரு வருடம் கழித்துக் கடிதத்தை அவர் வீட்டில் படித்துக் காட்டினேன்.

“ஊட்ல எல்லாரும் இவரத்தான் திட்டிகினு இருந்தோம்,” என்றார் மனைவி.

பாய் என்னைத் திட்டவில்லை. “அப்போ நான் சரியாத்தான் மாட்டிகீறேன்,” என்றார். என்னிடமிருந்து வாங்கிய அந்தக் கடிதத்தை, நான் கிளம்பும்வரை அவர் கீழே வைக்கவேயில்லை.